ஏழாயிரம் ரூபாய்க் கார்பன் ஷூ

முதலில் விலையைப் பேசிவிடுவோம். பெயர்பெற்ற நிறுவனங்களின் கார்பன் அடி வைத்த சைக்கிள் ஷூ ஒரு ஜோடி இருபதாயிரம் ரூபாய்க்குக் கீழே கிடைப்பது அரிது. நான் இரண்டாம் கையாக வாங்கிய ரோட் சைக்கிளின் விலையே அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அதனால் பல வருடங்கள் சாதாரணப் பெடலில், நடைப்பயிற்சி ஷூவையே போட்டுக்கொண்டு, திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய்வந்துகொண்டிருந்தேன். பிறகு இணையக் கடைகளில் சீனத் தயாரிப்புகள் வந்தன. அதே தோற்றம், ஷூவை இறுக்க அதே திருகு டயல், அடியில் அதே கறுப்புப் பின்னல். விலை மட்டும் ஏழாயிரத்துச் சொச்சம்.

எங்கள் அதிகாலைக் குழுவில் இதைப் பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. "கார்பன் என்றால் கார்பன்தான், பெயருக்கு எதற்குப் பணம்?" என்பது ஒரு கட்சி. இன்னொரு கட்சி அந்த ஷூவைக் கையால்கூடத் தொடாது. ஒரு கோடையிலிருந்து அடுத்த கோடை வரை அதைப் போட்டு ஓட்டிய நான் இப்போது இரண்டிலும் இல்லை. அந்த ஷூவின் கார்பனைப் பற்றி எனக்கு ஒரு குறையும் கிடையாது. குறையெல்லாம் கார்பனைச் சுற்றி இருப்பவற்றில்தான்: மேல்துணி, கால் அச்சின் வடிவம், திருகுத் துளைகள், பசை. மலிவு விலைக்காரர்கள் கடினமான பாகத்தைச் சரியாகச் செய்துவிட்டு எளிய பாகங்களில் காசு மிச்சம் பிடிக்கிறார்கள். வாங்குகிறவர் கவனம் வைக்க வேண்டிய இடமும் அந்த எளிய பாகங்கள்தான்.

கார்பன் என்ற பெயரில் மூன்று வகை அடிகள் விற்கப்படுகின்றன. முதல் வகை, கார்பன் இழைத் துணியைப் பிசினில் தோய்த்து அடுக்கடுக்காக வைத்து அச்சில் அழுத்திச் செய்த தகடு. இரண்டாவது, நைலானில் சிறு கார்பன் இழைத் துணுக்குகளைக் கலந்து வார்த்தது. இதில் மோசடி எதுவும் இல்லை. ஷிமானோ போன்ற பெரிய நிறுவனங்களே தங்கள் நடுத்தர விலை ஷூக்களில் இதைத்தான் வைக்கின்றன, அதை வெளிப்படையாகவும் சொல்கின்றன. மூன்றாவது, வெறும் நைலான் அடியின் மேல் கார்பன் பின்னல் படம் போட்ட மெல்லிய தாள். இதுதான் ஏமாற்று.

வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஷூவின் உள்ளட்டையை எடுத்துவிட்டு உள்ளே பாருங்கள். தகடு உண்மையான கார்பன் என்றால் பெரும்பாலும் உள்பக்கத்திலும் இழையின் வரிகள் தெரியும். துளைகளின் விளிம்பைக் கவனியுங்கள். தாள் ஒட்டியது என்றால் பின்னல் அங்கே உரிந்தோ நின்றோ போயிருக்கும். பிறகு குதிகாலை ஒரு கையிலும் நுனியை மறு கையிலும் பிடித்து வளைத்துப் பாருங்கள். நைலான் அடி முனகிக்கொண்டாவது கொஞ்சம் வளைந்து கொடுக்கும். கார்பன் அடி அசையாது. சில நிறுவனங்கள் விறைப்புக்கு ஓர் எண் கொடுக்கின்றன. ஒவ்வொருவரும் தத்தம் அளவுகோலில் கொடுப்பதால் ஒரு நிறுவனத்தின் பத்தையும் இன்னொன்றின் பத்தையும் ஒப்பிடுவதில் பயன் இல்லை.

நான் வாங்கியது முதல் வகைதான். கையில் எடுத்ததும் எடைக் குறைவு வியப்பாக இருந்தது.

சரி, இந்த விறைப்பு எதற்கு? பெடலில் பூட்டிக்கொள்ளும் ஷூவின் கீழே கிளீட் என்ற ஒரு சிறிய துண்டுதான் பெடலைத் தொடுகிறது. மிதிக்கும் விசை முழுவதும் அந்தச் சிறிய பரப்பின் வழியே போகிறது. அடி மெத்தென்று இருந்தால் அந்த இடத்தில் பாதம் குழிந்து, விரல்களுக்குப் பின்னால் இருக்கும் எலும்புகளின் கீழே வலி கூடிவிடும். விறைப்பான அடி அந்த அழுத்தத்தைப் பாதம் முழுவதற்கும் பரப்பிக் கொடுக்கிறது. எனக்குத் தெரிந்தவரை கார்பனின் முதல் பயன் இந்த வசதிதான். வேகம் அதற்குப் பிறகு, அதுவும் வெகு தூரம் பின்னால்.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ராஜர் கிராம் குழுவினர் 2016-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. சாதாரணப் பெடலில் ஓட்டப்பயிற்சி ஷூ, பூட்டும் பெடலில் சைக்கிள் ஷூ என்று மாற்றி மாற்றி மிதிக்கவைத்து, உடல் செலவழிக்கும் ஆற்றலை அளந்தார்கள். நிதானமான உழைப்பில் வித்தியாசம் தெரியவில்லை. அதே ஆய்வகத்திலிருந்து பின்னர் வந்த இன்னோர் ஆய்வில், முழு பலத்தோடு பாயும்போது மட்டும் பூட்டும் பெடல் தெளிவாக முந்தியது. காலை ஐந்தரை மணிக்குக் கோவளத்துக்குப் போய் இட்லி சாப்பிட்டுத் திரும்புகிற என் போன்றவர்கள் எந்தப் பக்கம் என்பது சொல்லாமலே விளங்கும்.

அப்படியானால் பூட்டிக்கொள்வது எதற்கு? பெடலை மேலே இழுக்கலாம், அதனால் பலம் கூடும் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். நீண்ட தூரம் சீராக ஓட்டும்போது யாரும் அப்படி இழுத்துக்கொண்டிருப்பதில்லை. மிதிப்பதே வேலையை முடித்துவிடுகிறது. உண்மையான ஆதாயம் வேறு. கால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் இருக்கிறது. மழைக்காலத்தில் பெடல் நனைந்தாலும் பாதம் வழுக்காது. முட்டுக்காடு பாலத்துக்கு அப்பால் சாலை மேடுபள்ளமாகும் இடங்களில், சேடிலிலிருந்து எழுந்து மிதிக்கும்போது கால் நழுவிவிடுமோ என்ற பயம் இல்லை. எனக்கு அது போதும்.

இந்தப் பூட்டும் முறை பனிச்சறுக்கிலிருந்து வந்தது. பனிச்சறுக்குப் பலகையில் காலணியைப் பிணைக்கும் கொக்கிகளைச் செய்துவந்த லுக் என்ற பிரெஞ்சு நிறுவனம் 1984-இல் அதே யோசனையைப் பெடலுக்குக் கொண்டுவந்தது. அடுத்த வருடம் பெர்னார் இனோ அந்தப் பெடலோடு டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்றார். அதற்குமுன் பந்தயக்காரர்கள் தோல்வாரால் காலைப் பெடலோடு கட்டிக்கொண்டு ஓட்டினார்கள். நிற்க வேண்டுமென்றால் குனிந்து கையால் வாரைத் தளர்த்த வேண்டும். அதோடு ஒப்பிட்டால் குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் விடுபடும் இன்றைய ஏற்பாடு எவ்வளவோ பாதுகாப்பானது. பூட்டிக்கொண்டால் ஆபத்து என்று என் அம்மா இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார், அது வேறு விஷயம்.

பெடல் தேர்வில் ஒரு பிரிவினை உண்டு. ஷூவை வாங்குமுன் அதை முடிவு செய்துவிட வேண்டும், ஏனென்றால் ஷூவின் அடியில் இருக்கும் துளைகள்தான் எந்தக் கிளீட் பொருந்தும் என்று தீர்மானிக்கின்றன. இரண்டு திருகு வகை, ஷிமானோ 1990-இல் மலைச் சைக்கிளுக்காகக் கொண்டுவந்த எஸ்பிடி. கிளீட் சிறியது, உலோகம், ஷூவின் ரப்பர் அடிக்குள் பதுங்கியிருக்கும்; நடக்கலாம். பெடலின் இரண்டு பக்கமும் பூட்டலாம். மூன்று திருகு வகை ரோட் சைக்கிளுக்கானது. ஷிமானோவின் எஸ்பிடி-எஸ்எல், லுக் நிறுவனத்தின் கியோ ஆகியவை இந்த வகை. கிளீட் அகலமான பிளாஸ்டிக், அடியிலிருந்து துருத்திக்கொண்டு நிற்கும். பெடலில் ஒரு பக்கம்தான் பூட்டும். மலிவு விலைக் கார்பன் ஷூக்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது வகைத் துளைகளோடுதான் வருகின்றன.

கார்பன் வேண்டும் என்பதற்காக நான் மூன்று திருகுக்குப் போனேன். அகலமான கிளீட் காலுக்குக் கீழே உறுதியாக இருப்பது உண்மை. ஆனால் இந்த ஷூவில் நடப்பது ஒரு தண்டனை. கோவளத்தில் நாங்கள் வழக்கமாக நிற்கும் தேநீர்க் கடையின் தரை வழவழப்பான டைல்ஸ். முதல்முறை உள்ளே போனபோது கடைக்காரப் பெரியவர் அடுப்பிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏம்மா, குதிரைக்கு லாடம் அடித்ததுபோலச் சத்தம் வருகிறதே?" என்று கேட்டார். அதில் பாதி உண்மை: குதிரைக்கு அந்தத் தரையில் பிடிப்பாவது இருந்திருக்கும். கிளீட்டுக்கு மேல் மாட்டும் ரப்பர் உறை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை ஜெர்சியின் பின்பையில் வைத்துக்கொள்ளப் பழகிவிட்டேன். வழுக்காமல் இருப்பதோடு கிளீட்டும் தேயாமல் இருக்கிறது. ஒரே ஓர் ஆறுதல், கோயில் வாசலில் கழற்றிவைத்துவிட்டுப் போனால் இதை யாரும் தூக்கிக்கொண்டு போகமாட்டார்கள்.

இருநூறு கிலோமீட்டர், முந்நூறு கிலோமீட்டர் என்று பிரவே, அதாவது கெடு நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டம், ஓட்டும் நண்பர்கள் பெரும்பாலும் இரண்டு திருகு வகையையே வைத்திருப்பதற்கும் இதுவே காரணம். இருநூறுக்குப் பதின்மூன்றரை மணி நேரம் கெடு. அதில் சாப்பிட, தண்ணீர் வாங்க, கட்டுப்பாட்டு நிலையத்தில் அட்டையைக் காட்ட என்று எத்தனையோ முறை இறங்கி நடக்க வேண்டும். நடை அதிகம் என்றால் கார்பனை மறந்துவிட்டு இரண்டு திருகு ஷூவும் ஷிமானோவின் எம்520 போன்ற எளிய பெடலும் வாங்குங்கள். உழைக்கும் பெடல், கெட்டுப்போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இனி அளவு. இதில் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும், ஏனென்றால் மலிவு ஷூவில் பணம் வீணாவது இங்கேதான். துணி ஷூ காலுக்கு ஏற்ப இளகிக் கொடுக்கும். கார்பன் அடி ஒரு மில்லிமீட்டர்கூட இளகாது. முதல் நாள் எங்கே உறுத்துகிறதோ அங்கேயே கடைசி நாள் வரை உறுத்தும். ஐரோப்பிய எண்களை நம்பி வாங்கக் கூடாது. ஷிமானோ கணக்கில் 39 என்றால் 24.5 செ.மீ. பாதம். வேறு நிறுவனங்களில் அதே 39 கூடவோ குறையவோ இருக்கலாம். தரையில் தாளை வைத்து, சுவரில் குதிகாலை முட்டி நின்று, நீண்ட விரலின் நுனி வரை செ.மீ. கணக்கில் அளந்துகொள்ளுங்கள். அளப்பது மாலையில், நாள் முழுவதும் நின்று நடந்த பிறகு. நம் ஊர் வெயிலில் கால் வீங்கும். காலை நேரத்து அளவு நண்பகலில் பொய்யாகிவிடும். பிறகு அந்த நிறுவனத்தின் செ.மீ. அட்டவணையைப் பார்த்து எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அட்டவணை போடாத விற்பனையாளரிடம் வாங்காமல் இருப்பது நல்லது.

நீளத்தைவிட அகலம் பெரிய தொல்லை. செருப்பு போட்டே வளர்ந்த கால்கள் முன்புறம் விரிந்திருக்கும். சைக்கிள் ஷூக்களின் அச்சோ ஒடுங்கியது. பெண்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு: சிறிய எண்கள் கடைகளில் இருப்பதே இல்லை, போட்டுப் பார்க்காமல்தான் வரவழைக்க வேண்டியிருக்கிறது. தாளில் பாதத்தை வரைந்து, அகலமான இடத்தை அளந்து, திருப்பி அனுப்பும் வசதி உள்ள இடத்தில் மட்டும் வாங்குங்கள். வந்ததும் வீட்டுக்குள் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருங்கள். சுண்டுவிரல் மரத்துப்போனால் தயங்காமல் திருப்பி அனுப்பிவிடலாம். பெரிய எண் எடுத்து அகலத்தைச் சரிக்கட்டுவது வேண்டாம். குதிகால் எழும்பி, கிளீட்டின் இடமும் தவறிப்போகும்.

திருப்பி அனுப்பும் காலம் முடிவதற்குள் இன்னொரு சோதனையையும் செய்துவிடுங்கள். இரண்டு ஷூவையும் குதிகாலை ஒன்றோடொன்று சேர்த்துப் படுக்கவைத்து, திருகுத் துளைகள் குதிகாலிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று அளவுகோலால் பாருங்கள். எனக்கு வந்த ஜோடியில் இடதுக்கும் வலதுக்கும் இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தது. கிளீட்டை முன்பின் நகர்த்திச் சரிசெய்துவிடக்கூடிய அளவுதான். தெரியாமல் அடியில் அச்சிட்ட கோடுகளை நம்பி மாட்டியிருந்தால், ஒரு கால் ஒரு விதமாகவும் மறு கால் வேறு விதமாகவும் மிதித்துக்கொண்டிருக்கும். மூன்று துளைகளிலும் திருகைக் கையால் சுற்றிப் பார்ப்பதும் அவசியம். உள்ளே இருக்கும் உலோக மரை சில ஷூக்களில் சரியாகப் பிடிப்பதில்லை. திருகு சுற்றிக்கொண்டே இருக்கும். கார்பனுக்குள் சிக்கிய மரையை வெளியே எடுக்கும் வேலையை யாரிடம் கொண்டுபோனாலும் கையை விரிப்பார்கள்.

பெடல் மாட்டுவது பெரிய வித்தை இல்லை. வலது பெடல் வழக்கமான மரை, இடது பெடல் எதிர்மரை. எந்தப் பக்கம் என்றாலும், ஸ்பேனரின் கைப்பிடி மேலே இருக்கும்போது சைக்கிளின் முன்பக்கம் தள்ளினால் இறுகும், பின்பக்கம் இழுத்தால் கழலும். இது ஒன்றை நினைவில் வைத்தால் போதும். மரையில் கிரீஸ் தடவாமல் மாட்டாதீர்கள். கடற்கரைச் சாலையின் உப்புக்காற்றில் ஒரு மழைக்காலம் முடிந்ததும் பெடலும் அதைத் தாங்கும் கிராங்கும் ஒன்றாகிவிடும். எங்கள் பகுதிக் கடையில் வேலை செய்யும் பையன் ஒருவருடைய பெடலைக் கழற்ற ஆளுயரக் குழாயை ஸ்பேனரில் மாட்டித் தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். "அக்கா, இருபது ரூபாய் கிரீஸ் போட்டிருந்தால் இந்தச் சண்டையே இல்லை" என்றான்.

கிளீட்டை எங்கே வைப்பது என்பதற்கு எல்லாரும் ஒரு விதி சொல்வார்கள். ஷூவைப் போட்டுக்கொண்டு, கட்டைவிரலுக்குப் பின்னால் உள்பக்கம் துருத்தும் எலும்பைத் தடவிக் கண்டுபிடித்து, ஷூவின் மேல் பேனாவால் புள்ளி வையுங்கள். சுண்டுவிரல் பக்கத்திலும் அதே போன்ற எலும்பு இருக்கிறது, அங்கும் ஒரு புள்ளி. பெடலின் அச்சு இந்த இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே வர வேண்டும். தொடக்கத்துக்கு இது நல்ல இடம். நீண்ட தூரம் ஓட்டுகிறவர்கள் அங்கிருந்து இன்னும் கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்தால் கெண்டைக்கால் களைப்பு குறையும், முன்பாத எரிச்சலும் குறையும். என் கிளீட் இப்போது துளை அனுமதிக்கும் எல்லை வரை பின்னால் இருக்கிறது. மலிவு ஷூக்களில் இந்த எல்லை சிறியது. பின்னால் தள்ள இடமே இல்லாத ஷூக்களும் உண்டு. படத்தில் பார்க்கும்போதே இதைக் கவனிக்கலாம்.

கோணத்துக்கு எளிய வழி, உயரமான மேசையில் உட்கார்ந்து கால்களைத் தொங்கவிடுவது. பாதம் தானாக எந்தத் திசையைப் பார்க்கிறதோ அதே திசையைப் பெடலிலும் பார்க்கட்டும். இரண்டு பாதமும் ஒரே கோணத்தில் தொங்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஷிமானோவின் மஞ்சள் கிளீட் பூட்டியபின்னும் ஆறு பாகை வரை குதிகாலை அசையவிடும். நீலம் இரண்டு பாகை. சிவப்பு அசையவே விடாது. புதியவர்களுக்கு மஞ்சள்தான். சிவப்பு மாட்டினால் பந்தயக்காரராகிவிடலாம் என்று நினைத்த நண்பர் ஒருவர் முழங்காலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டு ஒரு மாதம் வீட்டிலிருந்தார்.

பழைய ஷூவிலிருந்து இதற்கு மாறும்போது சேடில் உயரத்தையும் சரிபார்க்க வேண்டும். இதை அதிகம் பேர் சொல்வதில்லை. ஓட்டப்பயிற்சி ஷூவின் தடித்த நுரை போய், சில மில்லிமீட்டர் தடிமனில் ஒரு தகடு வந்துவிடுகிறது. கிளீட்டும் பெடலும் கொடுக்கும் உயரம் அந்த வித்தியாசத்தை முழுவதும் நிரப்புவதில்லை. கிளீட் பின்னால் போனாலும் கால் இன்னும் நீள வேண்டியிருக்கும். எனக்குச் சேடிலைக் கொஞ்சம் இறக்கியதும்தான் இடுப்பு ஆடுவது நின்றது. முழங்காலுக்குப் பின்னால் இழுத்தால் சேடில் உயரம் என்று சந்தேகப்படுங்கள். முன்பக்கம் வலித்தால் தாழ்வு. உள்ளும் புறமும் வலித்தால் கிளீட்டின் கோணத்தைப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மாற்றி, சில நாள் ஓட்டிப் பார்க்க வேண்டும். வலி தொடர்ந்தால் மருத்துவர்தான். கிளீட் திருகுகளை ஐந்து ஆறு நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்கச் சொல்கிறார்கள். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்திருக்கும் கடையில் ஒருமுறை இறுக்கி, அந்த இறுக்கம் எப்படி இருக்கிறது என்று கைக்குப் பழக்கிக்கொண்டால் நல்லது.

விழுவதைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். ஒருமுறைகூட விழாமல் இதைக் கற்றுக்கொண்டவர்கள் இருப்பதாகச் சொல்கிறார்கள். நான் இன்னும் சந்திக்கவில்லை. விழுவது ஓடும்போது அல்ல, நின்றபிறகுதான். வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு பூட்டியும் விடுவித்தும் கால் யோசிக்காமல் செய்யும் வரை பழக வேண்டும், பிறகு புல்தரை. பெடலின் பின்னால் இருக்கும் சின்னத் திருகில் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை மிகக் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள். சிக்னலைப் பார்த்த உடனேயே, ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஒரு காலை விடுவித்துவிட வேண்டும்.

எந்தக் கால்? நம் சாலைகளில் இடது கால் என்பது வழக்கம், ஓரத்தில் நிற்பதால். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தார் இடப்பக்கம் சரிந்து, ஓரத்தில் மணல் சேர்ந்திருக்கும். காலை நீட்டினால் தரை எதிர்பார்த்ததைவிடக் கீழே இருக்கும். பிளாஸ்டிக் கிளீட் மணலில் சறுக்கும். ஓரம் வரை ஒதுங்காமல் தாரின் மேலேயே நிற்பதும், குதிகாலை ஊன்றுவதும் உதவும். நாய் துரத்தும்போது அவசரப்பட்டுக் காலைப் பிடுங்க வேண்டாம். வேகத்தைக் குறைத்து இறங்கினால் பெரும்பாலும் அதற்கே ஆர்வம் போய்விடுகிறது.

வெயில் இந்த ஷூவுக்கு வைக்கும் சோதனை தனி. கார்பன் அடியில் காற்றுத் துளை என்று ஒன்றிரண்டு இருந்தாலும் என் ஷூவில் அவை அலங்காரத்துக்குத்தான். ஒன்பது மணிக்குமேல் பாதத்தின் முன்பகுதி எரியத் தொடங்கும். இது சூடு மட்டும் அல்ல. கால் வீங்கி, நரம்பு நெரிபடுவதும் சேர்ந்தது. புறப்படும்போது முன்பட்டையைத் தளர்வாக விட்டு, டயலை மட்டும் இறுக்கிக்கொள்வேன். வழியில் டயலையும் இரண்டு சொடுக்கு தளர்த்துவேன். கூட வந்த காகிதம் போன்ற உள்ளட்டையை வீசிவிட்டு, வளைவுக்குத் தாங்கு கொடுக்கும் நல்ல உள்ளட்டை ஒன்றைப் போட்டபின் எரிச்சல் பாதியாகக் குறைந்தது. ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்த வேலை. ஷூவில் நான் உணர்ந்த பெரிய முன்னேற்றம் கார்பனால் வந்ததல்ல, அந்த அட்டையால் வந்தது.

பசை அடுத்தது. மூடிய காருக்குள், மே மாத வெயிலில், ஒரு பகல் முழுவதும் கிடந்தபிறகு நுனியில் மேல்துணி அடியிலிருந்து பிரியத் தொடங்கியது. பேருந்து நிலையத்துக்கு அருகே செருப்புத் தைக்கும் பெரியவரிடம் கொண்டுபோனேன். தைக்கச் சொன்னபோது அடியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதில் ஊசி இறங்காது தாயி, சொல்யூஷன்தான்" என்றார். உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவிக் காயவைத்து, ஒரு இரவு முழுவதும் கல்லுக்கு அடியில் வைத்திருந்து கொடுத்தார். இன்றுவரை பிரியவில்லை. ஆக, வெயிலில் காயவைக்காதீர்கள், காரில் விடாதீர்கள். வியர்வையில் நனைந்த ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து மின்விசிறியின் கீழே வைத்தால் போதும். கிளீட் திருகுகளை மாதம் ஒருமுறை கழற்றி, துடைத்து, கிரீஸ் வைத்து மாட்டாவிட்டால் தலை துருப்பிடித்து ஆலன் கீ வழுக்கும்.

கார்பன் தன் விலையைக் காட்டிய இடம் ஏலகிரி. சுமார் 1,100 மீட்டர் உயரத்துக்குப் போகும் அந்தச் சாலையில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். புலவர்கள், வள்ளல்கள் பெயர்களை வைத்திருக்கிறார்கள். வளைவுகளில் சேடிலிலிருந்து எழுந்து உடல் எடையெல்லாம் பெடலின் மேல் இறக்கி மிதித்தேன். பழைய ஷூவில் அந்த நேரத்தில் பாதம் பெடலைச் சுற்றி மடிவதுபோல இருக்கும். இதில் மடிப்பு இல்லை. உச்சிக்குப் போனபோது தொடை வலித்தது, மூச்சு வாங்கியது, பாதம் மட்டும் சும்மா இருந்தது. நேரத்தில் வித்தியாசம் உண்டா என்றால், என் கைக்கடிகாரம் அப்படி எதையும் சொல்லவில்லை. கூட வந்த தம்பி ஒருவன் நைலான் அடி ஷூவோடு எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்து, பலாச்சுளை வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

எனவே கையில் பத்துப் பன்னிரண்டாயிரம் ரூபாய் இருக்கிறது, முதல்முறை பூட்டும் பெடலுக்கு மாறுகிறேன் என்று யாராவது கேட்டால் என் வரிசை இதுதான்: காலுக்குப் பொருந்தும் ஷூ, அது நைலானாக இருந்தாலும் பரவாயில்லை, பெரிய நிறுவனத்தின் எளிய பெடல், இதில் மலிவுக்குப் போக வேண்டாம், ஏனென்றால் விடுபட வேண்டிய நேரத்தில் விடுபடாத பெடல் எலும்பை உடைக்கும், நல்ல உள்ளட்டை, மிச்சம் இருந்தால் கிளீட்டையும் சேடிலையும் பொருத்தத் தெரிந்த ஒருவருக்கான கூலி. இவ்வளவுக்கும் பிறகு அதே விலையில், உங்கள் அகலத்துக்கு, கிளீட்டைப் பின்னால் தள்ள இடம் உள்ள ஒரு கார்பன் ஷூ அகப்பட்டால் தாராளமாக வாங்கலாம்.

என் ஜோடியில் டயல் ஒன்று இப்போது சொடுக்காமல் நழுவுகிறது. மாற்று டயல் தனியாகக் கிடைக்குமா என்று விற்பனையாளரிடம் கேட்டதற்குப் பதில் வரவில்லை. பெரிய நிறுவனங்களின் ஷூக்களில் வரும் பெயர்பெற்ற டயல்களுக்கு உதிரி கிடைக்கும். பெயரில்லாத டயலுக்குக் கிடைக்காது. அடுத்த ஜோடியைத் தேடும்போது முதலில் இதைத்தான் கேட்கப்போகிறேன். இல்லாவிட்டால் வெல்க்ரோ பட்டை வைத்ததே நல்லது, பிய்ந்தாலும் பேருந்து நிலையப் பெரியவர் அதைத் தைத்துக் கொடுப்பார்.